கேக்குதா மிஸ்

ஒலிப்பதிவு பதில் சொல்லாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொரு பாடத்தையும் அவர் ஒரே விதமாகத்தான் தொடங்குவார். முதலில் கனமான கதவொன்று சாத்தப்படும். பிறகு கண்ணாடியைச் சுற்றி ஏற்றும் கரகரப்பு. ஒரு மூச்சு. அதன் பின், "கேக்குதா?" என்பார். கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்திருப்பார். எங்கிருந்தோ யாரோ பதில் சொல்லி அது அவர் காதில் விழுந்துவிட்டதைப் போல, "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் பாடம்.

அவரை எங்கள் வகுப்பில் யாரும் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. முதல் பதிவிலேயே, தான் டாக்டர் இல்லை, ஆய்வை இன்னும் முடிக்கவில்லை, மிஸ் என்றால் போதும் என்று சொல்லிவிட்டார். எங்கள் மலையிலுள்ள பிரிஞ்சாங் நகரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்துகொண்டே எங்களோடு படித்த யோகா, இரண்டாம் வாரத்தில் அவருக்குக் 'கேக்குதா மிஸ்' என்று பெயர் வைத்தாள். இன்றும் என் கைப்பேசியில் அவருடைய பதிவுகள் அந்தப் பெயரின் கீழ்தான் இருக்கின்றன.

நான் அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுப்பயணிகளுக்காக வைத்திருக்கும் தேநீர்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் கீழே, மலையிறங்கிப் பேருந்தில் பல மணி நேரம் போகவேண்டிய ஊரில் இருந்தது. வகுப்பில் முப்பத்தொரு பேர். எல்லோரும் ஏதாவதொரு வேலையில் இருந்தவர்கள். மிஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடத்தை ஓர் ஒலிப்பகிர்வுத் தளத்தில் ஏற்றிவிடுவார். நாங்கள் அவரவர்க்கு வாய்த்த நேரத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். நேருக்கு நேரான வகுப்பு கிடையாது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பள்ளியில் படித்த காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கையை உயர்த்திப் பதில் சொன்னவளல்ல நான்.

கேள்வி கேட்டால் காத்திருப்பது அவருடைய இன்னொரு வழக்கம். "இந்தத் தோழி ஏன் நேராப் பேசாம சுத்தி வளைச்சுப் பேசுறா? யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். அதன் பிறகு உண்மையாகவே பேச்சு நின்றுவிடும். அந்த அமைதியைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். சில சமயம் இருபது விநாடி. கடினமான கேள்வியென்றால் நாற்பது. அந்த நேரத்தில் அவரைச் சுற்றியுள்ள உலகம் பதிவுக்குள் நுழையும். தகரத்தில் மழை பெய்யும். பின்னோக்கி வரும் லோரி ஒன்று கீங் கீங்கென்று கத்தும். ஒருமுறை யாரோ ஓர் ஆண்குரல், "கோபிஸ் ஏத்தியாச்சா?" என்று தூரத்திலிருந்து கேட்டது. மிஸ் பாடத்திலிருந்து விலகாத அதே குரலில், "இன்னும் இருவது கூடை இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, "ம், என்ன யோசிச்சீங்க?" என்று எங்களிடம் திரும்பினார்.

அப்போதுதான் அவர் எங்கள் மலைக்காரர் என்று தெரிந்தது. முட்டைக்கோசைக் கோபிஸ் என்று சொல்லி, ஞாயிறு காலையில் கூடைக் கணக்கில் லோரியில் ஏற்றுகிறவர்கள் எங்கள் மலையில் திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள்தாம். பின்னொரு பாடத்தில் அவரே சொன்னார். வீட்டுக் கூரையில் மழைச் சத்தம் அதிகம், அதனால் அப்பாவின் லோரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பேசுவதாக.

முதலிரண்டு வாரங்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியருகே நின்று அவர் பாடங்களைக் கேட்டேன். சிக்னல் அங்கேதான் நிலையாக இருக்கும். சுற்றிலும் தேயிலை, மனிதர் எவருமில்லை. அவர் கேள்வி கேட்டுக் காத்திருந்தபோது என் உதடுகள் தாமாக அசைந்தன. சத்தமில்லாமல் பதில் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டதைப் போல, "சரிதான், ஆனா இன்னொண்ணும் இருக்கு" என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆசிரியரோடு உரையாடிய உணர்வு எனக்கு வந்தது.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரு சிறு முக்கோணமும் அதனருகில் ஓர் எண்ணும் இருக்கும். அந்தப் பதிவு எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. மிஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், ஒப்பந்த விரிவுரையாளரான அவரை அடுத்த பருவத்திற்கும் வைத்துக்கொள்வதா என்பதைத் துறை அந்த எண்ணைக் கொண்டே முடிவுசெய்யும் என்பதும் எனக்குப் பத்தாம் வாரத்தில்தான் தெரிந்தன. அதற்குள் நான் செய்யக்கூடிய தீங்கையெல்லாம் செய்து முடித்திருந்தேன்.

தொடக்கம் நல்லெண்ணத்தில்தான் நிகழ்ந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் வகுப்பின் கைப்பேசிக் குழுவில் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அரைமணி நேரப் பாடம் டேட்டாவைத் தின்கிறது. தோட்டங்களில் பாதியில் அறுந்துபோகிறது. வேலைக்கு நடுவே முழுதாகக் கேட்க முடிவதில்லை. தேநீர்க் கடையில் பயணிகளுக்கென்று வைஃபை இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து, கடை திறக்கும் முன் பாடத்தை இறக்கி, அளவைச் சுருக்கி, குழுவில் போடத் தொடங்கினேன். மிஸ் முதல் பதிவிலேயே இதைத் தடுத்திருந்தார். சிக்னல் இல்லாதவர்களுக்காக இறக்கிக்கொள்ளும் வசதியைத் திறந்துவைத்திருப்பதாகவும், ஆனால் வேறெங்கும் எடுத்துப் போடக்கூடாதென்றும், மீறுகிறவருக்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது என்பது துறையின் விதியென்றும் படித்துக் காட்டியிருந்தார். வகுப்புக்குள்தானே போகிறது, இது வெளியில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அளவைச் சுருக்கியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தோட்டத்தில் இலையை எந்திரத்தால் வெட்டிச் சாக்கில் நிரப்பிய பிறகு, எடைக்குப் போடும் முன் தரையில் கொட்டி முற்றலையும் தண்டையும் பொறுக்கி எறிவார்கள். என் அம்மா அதில் வேகமானவர். பள்ளி விடுமுறைகளில் அவர் பக்கத்தில் குந்தி நானும் பொறுக்கியிருக்கிறேன். கை தானாகப் போகும்; எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசிக்க நேரமிருக்காது. கைப்பேசியில் பாடத்தின் ஒலிக்கோடு மேடும் பள்ளமுமாகத் தெரிந்தபோது என் விரல் அதே வழக்கத்தில் இயங்கியது. கதவுச் சத்தம் வேண்டாம். "கேக்குதா?" வேண்டாம். காத்திருக்கும் விநாடிகள் வேண்டவே வேண்டாம். லோரி, மழை, கோபிஸ் கூடை, வேடிக்கைப் பேச்சு எல்லாம் போயின. முப்பது நிமிடப் பாடம் பதினெட்டு நிமிடத்தில் அடங்கியது. தேர்வுக்கு வேண்டியது ஒன்றும் விடுபடவில்லை.

குழுவில் நன்றி குவிந்தது. "உன் புண்ணியத்துல பாஸ் பண்ணிடுவோம் லா" என்று யோகா குரல்செய்தி அனுப்பினாள். கல்லூரி முடித்த எவரும் இல்லாத எங்கள் லைனில் வளர்ந்த நான், முப்பது பேருக்கு வேண்டியவளாகிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நான்காம் வாரச் சனிக்கிழமை பிற்பகலில் அம்மாவுக்கு ரப்பர் காலணி வாங்கப் பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருந்தேன். கடைகளை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார்கள். லோரியொன்றின் பின்பலகையில் நின்று ஒரு பெண் கைப்பேசியில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சேறு படிந்த காலணி, ஆண்கள் அணியும் குளிர்ச்சட்டை, காதில் சிறிய தோடு. "கேக்குதா? அண்ணே, கேக்குதா?" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "கேக்குதுன்னா கேக்குதுன்னு சொல்லணும்ண்ணே. சும்மா இருந்தா நான் என்னான்னு நெனைக்கிறது?" என்று சிரித்தார்.

குரலைக் கேட்ட மாத்திரத்தில் அது மிஸ் என்று தெரிந்துவிட்டது. பத்தடி தூரம். போய், நான் உங்கள் மாணவி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் ஸ்ட்ராபெரி விற்கும் கடையொன்றின் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கி, அவர் லோரி கிளம்பும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல அவருடைய "கேக்குதா?"வை வெட்டினேன்.

அவர் மாறத் தொடங்கியதை வகுப்பில் நான் ஒருத்திதான் கவனித்திருக்க முடியும். முழுப் பதிவையும் கேட்டவள் நான் மட்டுமே. ஐந்தாம் வாரம், "சத்தம் பத்தலையா? மைக்கு மாத்தியிருக்கேன்" என்றார். ஆறாம் வாரம் வழக்கத்தைவிடக் கலகலப்பாகப் பேசினார். அந்தப் பாடத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஏழாம் வாரம் காணொளித் தளமொன்றிலும் பாடத்தை ஏற்றினார். அதில் அவர் முகம் தெரிந்தது. தலையை அழுந்த வாரி, லோரியின் கண்ணாடியில் ஒரு விளக்கை மாட்டி, அது கண்ணில் குத்த, இமைக்காமல் இருக்க முயன்றுகொண்டு பேசினார். இடையில் ஒரு கணம் பார்வை கீழே போயிற்று. யாராவது வந்துவிட்டார்களா என்று வாசலைப் பார்ப்பவரின் பார்வை. குழுவுக்கு நான் காணொளியைத் தரவில்லை, வழக்கம்போல ஒலிப்பதிவை மட்டும் வெட்டிப் போட்டேன். படம் அதிக இடத்தை அடைக்கும்.

எட்டாம் வாரத்திலிருந்து அவர் வேகமாகப் பேசினார். கேள்வி கேட்டு உடனே தானே பதிலையும் சொன்னார். ஒன்பதாம் வாரம் கேள்வியே இல்லை. எழுதிவைத்ததைப் படித்தார். வெட்டுவதற்கு அதிகமில்லாததால் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. அன்று எனக்குத் தோன்றியது நிம்மதி மட்டும்தான்.

பத்தாம் வாரப் பதிவில் கதவுச் சத்தத்திற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் பேசினார். மாணவரிடம் பேசுகிற குரலல்ல அது.

"மொத வாரம் இருபத்தொம்பது பேரு கேட்டீங்க. ரெண்டாவது வாரம் இருவத்திரெண்டு. மூணாவது வாரத்திலேர்ந்து ஒண்ணு. வாராவாரம் ஒண்ணுதான். நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு அந்த ரெண்டு பாடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாத்துட்டேன். தெரியல. இந்த நம்பரப் பாத்துத்தான் அடுத்த செமஸ்டருக்கு என்னை வச்சுக்குவாங்களாம். அது உங்க பிரச்சினை இல்ல. ஆனா யாரோ ஒருத்தர் கேக்குறீங்க. நீங்க யாருன்னு தெரியல. அந்த ஒருத்தருக்காகத்தான் இன்னிக்கும் வந்தேன். கேக்குதா?"

மூன்று விநாடி. "சரி."

கடை இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூடுபனியில் தேயிலை வரிசைகள் மேலே ஐந்தாறு மட்டும் தெரிந்தன. தளத்தைத் திறந்து, அவ்வளவு நாளும் பார்க்காத அந்த எண்களைப் பார்த்தேன். 29. 22. 1. 1. 1. அந்த ஒன்று நான். இறக்குவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பேன், அதுதான் பதிவாகியிருக்கிறது. மற்ற முப்பது பேரும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு அவர்கள் இல்லாமற்போனார்கள்.

அந்தப் பகுதியையும் வெட்டித்தான் குழுவில் போட்டேன். போடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வெட்டாமல் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பாடத்தின் மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம் என்னை விடவில்லை. தேநீர்க் கோப்பைகளைத் தவறான மேசைகளில் வைத்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலில்லையே என்றார். ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை. பதினோராம் வாரமும் பாடம் வந்தது, வெட்டினேன், போட்டேன். மிஸ் அன்று "கேக்குதா?" என்று கேட்கவில்லை.

கடைசியில் யோகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஹோட்டலின் பின்வாசலில் படுக்கைவிரிப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இவ்ளோதானா? எல்லாரையும் போய் ஒரு அமுக்கு அமுக்கச் சொல்லு. நம்பர் ஏறிட்டுப் போவுது" என்றாள்.

"ஏன்னு கேப்பாங்களே."

"மிஸ் பாவம், சப்போர்ட் பண்ணுங்கன்னு சொல்லு. உன் பேரு எதுக்கு வருது? நீயா வாயத் தொறந்து மாட்டிக்காதே லா. எப்பவும் மூடியிருக்கிற வாய்தானே, இதுக்கும் மூடியே இருக்கட்டும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நான் அவள் சொன்னபடியே செய்தேன். உண்மையைச் சொல்லாமல் உதவ முடியும் என்பது அவ்வளவு கவர்ச்சியாக இருந்தது. குழுவில் வேண்டிக்கொண்டேன். எங்கள் வகுப்பு நல்ல வகுப்பு. அன்று மாலைக்குள் எல்லோரும் தளத்துக்குப் போய், ஒரு பாடம் விடாமல் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டார்கள். ஏற்கெனவே கேட்ட பாடங்களாயிற்றே. எவரும் ஐந்து விநாடிக்கு மேல் ஓடவிடவில்லை. ஒன்று என்றிருந்த இடமெல்லாம் முப்பத்தொன்று ஆயிற்று. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே நான் பல நாள்களுக்குப் பிறகு வயிறார உண்டேன்.

பன்னிரண்டாம் வாரம் பாடம் வரவில்லை. ஞாயிறு முழுவதும் வரவில்லை. திங்களும் செவ்வாயும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். புதன்கிழமை யோகா அழைத்தாள். அவளுடைய சித்தப்பா சந்தையில் பூக்கடை வைத்திருப்பவர். அவர் சாமந்தி எடுப்பது திரிங்காப்பில் மிஸ் வீட்டுத் தோட்டத்திலிருந்தாம். அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து ஏதோ கடிதம் வந்திருக்கிறதாம், பாடம் நடத்தும் அந்தப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். "நம்மாலதான்னு நெனைக்கிறேன். நீ வா, மோட்டார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றாள். இம்முறை கேலி இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல் திரிங்காப்புக்குப் போனோம். யோகா உள்ளே வரவில்லை. சாலையோரத்தில் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்துகொண்டாள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கிய பாத்திகளுக்குமேல் பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார்கள். அதன் கீழே நீண்ட மேசையொன்றில் மிஸ் சாமந்திக் கொத்துகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பால் அவருடைய அப்பாவும் வேலையாள் இருவரும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேசையருகே போவதற்கும் மழை கொட்டத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.

பிளாஸ்டிக் கூரைமீது விழும் மலை மழையின் கீழ் நின்றிராதவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க முடியாது. நான் பேசினேன். என் குரல் எனக்கே எட்டவில்லை.

மிஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "கேக்கல. சத்தமாச் சொல்லும்மா" என்றார். "பூவுக்கா?"

"நான் உங்க ஸ்டூடண்ட், மிஸ்."

"என்னாது?"

நான் என் வாழ்நாளில் கத்தியதில்லை. அன்று கத்தினேன். உங்கள் மாணவி நான். நான்தான் பாடங்களை இறக்கிக் குழுவில் போட்டேன். எல்லோரும் என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எண் ஒன்றிலேயே நின்றது. அன்று எல்லோரையும் அமுக்கச் சொன்னதும் நான்தான். தயங்கித் தயங்கிச் சொல்ல நினைத்தவற்றை வாக்கியம் வாக்கியமாகத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டியிருந்தது. சிலவற்றை இரண்டு முறை. வேலையாள்கள் பெட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். அவருடைய அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ்ஸின் கையிலிருந்த கொத்து மேசையில் சாய்ந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு வெகு அருகில் நின்று கேட்டார்.

"அப்போ எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, மிஸ்."

"முப்பத்தோரு பேருமா?"

"ஆமா, மிஸ்."

"வாராவாரமா?"

தலையாட்டினேன். அவர் ஈரக்கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, "கேட்டிருக்காங்கப்பா" என்று கூவினார். அவருக்கு என்ன விளங்கியதோ, கையை ஆட்டினார்.

பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே மாலையில் எண் முப்பது கூடியிருக்கிறது, ஒன்றும் ஐந்து விநாடிக்கு மேல் ஓடவில்லை. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரே ஆள் வைத்து இப்படிச் செய்தார் என்று துறை நினைக்கிறது. திங்கட்கிழமைக்குள் விளக்கம் கொடுக்கவேண்டும். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

"எழுதினா உன் பேப்பர் போயிடும்மா. அந்த விதிய உங்களுக்குப் படிச்சுக் காட்டினதே நான்தானே" என்றார். "வேணாம். நான் ஏதாச்சும் எழுதிக்கிறேன்."

பரவாயில்லை மிஸ், போகட்டும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் உடம்பெல்லாம் இலேசானதை உணர்ந்தேன், அதற்காக வெட்கப்பட்டேன், ஆனாலும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த பருவத்தில் எங்களுக்கு வேறொருவர் பாடம் நடத்தினார். தெளிவாகப் பேசுவார். எதையும் கேட்கமாட்டார், காத்திருக்கவும் மாட்டார். அவருடைய பதிவில் வெட்டுவதற்கு ஒரு விநாடிகூட இருக்காது. நான் தேறிவிட்டேன். மிஸ்ஸின் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

ஆனால் அன்று திரிங்காப்பில் நடந்தது அதோடு முடியவில்லை. மழை எங்கள் மலையில் நிற்கும் விதத்தில் சட்டென்று நின்றது. காதுக்குள் வெற்றிடம் போன்ற அமைதி. கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. மிஸ் சாய்ந்த கொத்தை நிமிர்த்திக்கொண்டே, ஏதோ நினைவு வந்தவராய், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ஆறாவது பாடம் ஞாபகம் இருக்கா? வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிக்கிறான், தோழி அவன் காதுல விழுறமாதிரி இந்தப் பக்கம் பேசுறான்னு சொன்னேனே. அதுல ஒண்ணு சொல்லிட்டு நானே சிரிச்சிட்டேன்."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. 'அந்தப் பக்கம் நிக்கிறது தலைவன்தான்னு தோழிக்கு எப்படித் தெரியும்? எங்க தோட்டத்துல வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டா, கோபிஸ் திங்க வந்த பன்னியாத்தான் இருக்கும். இவ்ளோ நேரம் கல்யாணத்தப் பத்திப் பன்னிகிட்டயா பேசினோம்னு தோழிக்கு எப்படி இருந்திருக்கும்?' அதற்குப் பிறகு அவருடைய சிரிப்பு. அதற்குப் பிறகு, மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்காக அவர் விட்டிருந்த நீண்ட இடைவெளி. கடையில் தனியாக நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு தேர்வுக்கு வேண்டாதது என்று, முதல் சொல்லிலிருந்து அந்த இடைவெளியின் கடைசி விநாடிவரை குறிவைத்து, சுத்தமாக எடுத்துவிட்டேன். வகுப்பில் வேறு எவரும் அதைக் கேட்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அவரை, அவராகக் கேட்டது ஒருத்திதான். தளம் காட்டிய எண் தவறான எண்ணே அல்ல.

"சிரிச்சாங்களாம்மா?" என்றார் மிஸ். சாமந்தியைத் தாளில் சுற்றிய கை நின்றிருந்தது. காத்திருந்தார். இருபது விநாடிகூட ஆகியிருக்கலாம்.

"சிரிச்சோம், மிஸ்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. "சரி" என்று தலையசைத்துவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார்.